பயணி கொடுக்கும் ரூபாய் எந்த ஊரில் தங்குகிறது?

வேம்பநாட்டு ஏரியின் கிழக்குக் கரையில், கோட்டயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குமரகம் ஒரு காலத்தில் நெல்லும் மீனும் தென்னையுமாக வாழ்ந்த ஊர். 2000 டிசம்பர் கடைசியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்க அங்கே வந்தார்; தங்கிய இடத்திலிருந்தே நாட்டு நடப்பைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். குமரகத்தின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. ஏரிக்கரையில் சொகுசு விடுதிகள் பெருகின. வந்துபோகும் பயணிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அது பெரிய வெற்றிதான்.

ஊர்க்காரர்களின் கணக்கு வேறாக இருந்தது. விடுதிகளின் மதில் எழுந்த இடங்களில் மீனவர்கள் ஏரிக்குப் போகும் பாதை அடைபட்டது. வயல்கள் தூர்க்கப்பட்டன. நிலம் விலை ஏற ஏற விவசாயம் கைவிடப்பட்டது. வேலை கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள்: தோட்டம் பெருக்கவும் அறை துடைக்கவும். மேலாளர் நாற்காலிக்கு வெளியூர்க்காரர் வந்தார். சமையலறைக்கு வேண்டிய காய்கறி லாரியில் வந்தது. கேரளத்துக்கு வரும் காய்கறியில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து, ஒட்டன்சத்திரம், கம்பம் பக்கமிருந்து போவது நமக்குத் தெரிந்ததே. குமரகத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணி ஒரு இரவுக்குக் கொடுத்த பணத்தில் குமரகத்தில் தங்கியது மிகச் சொற்பம். மக்கள் கொடி பிடித்துத் தெருவில் இறங்கியதில் வியப்பில்லை.

இப்படிப் பணம் ஊரைத் தொட்டுவிட்டு வெளியேறிவிடுவதைப் பொருளியலாளர்கள் கசிவு என்பார்கள். உலகின் பல சுற்றுலாத் தலங்களுக்கு இதே நோய். விமானக் கட்டணம் ஒரு நாட்டுக்கு, அறை வாடகை ஒரு பெருநகர நிறுவனத்துக்கு, முன்பதிவுத் தரகு இணையதளத்துக்கு என்று பிரிந்துபோக, குப்பையும் சாக்கடையும் நெரிசலும் மட்டும் உள்ளூருக்கு மிஞ்சும். எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி, நீடித்து நிற்கும் வளர்ச்சி, போட்டியில் தாக்குப்பிடிக்கும் வளர்ச்சி என்று அரசு ஆவணங்கள் மூன்று தனித்தனிக் குறிக்கோள்களாக எழுதிவைக்கின்றன. களத்தில் அவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன. பணம் தங்காத ஊருக்குத் தன் ஏரியைக் காப்பாற்ற அக்கறையும் இருக்காது, வசதியும் இருக்காது. ஏரி நாறிப்போனால் பயணி வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்.

2002-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கூடிய மாநாடு பொறுப்புச் சுற்றுலா என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தது. ஓர் இடம் முதலில் அங்கே வாழ்பவர்களுக்கு நல்ல இடமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வருபவர்களுக்கும் நல்ல இடமாக இருக்கும் என்பது அதன் சாரம். ஐந்து ஆண்டு கழித்து, 2007-இல், கேரள அரசு அதைச் சோதித்துப் பார்க்க நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது: கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம். நான்கிலும் ஒரே வேகத்தில் காரியம் நடக்கவில்லை. முன்னே போனது குமரகம். மாநிலத் தலைநகரிலிருந்து வந்த உத்தரவாக மட்டும் இருந்திருந்தால் அங்கும் அது கோப்பிலேயே கிடந்திருக்கும். கிராமப் பஞ்சாயத்து அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

செய்தது என்ன? பேச்சு முட்டையில், வாழையில், வெண்டைக்காயில் தொடங்கியது. விடுதிகளின் கொள்முதல் மேலாளர்களை உட்காரவைத்து, எந்த மாதம் என்ன காய், எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அதை வைத்து ஒரு வேளாண் நாட்காட்டி தயாரானது. 1998-இல் கேரளம் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் இயக்கத்தின் குழுக்கள், தரிசாகக் கிடந்த நிலங்களில் சிறு சிறு அணிகளாகப் பயிர் வைத்தன. விலையில் தகராறு வரும் என்பது தெரிந்ததுதான். அதற்கு ஒரு விலைக் குழு போட்டார்கள். அதில் பஞ்சாயத்தும் இருந்தது, விடுதிகளும் இருந்தன. தரத்தைப் பார்க்கத் தனியாக ஒரு குழு. விளைந்ததை வாங்கி விடுதிகளுக்கு அனுப்ப ‘சம்ருத்தி’ என்று ஒரு கடை. விடுதி எடுத்ததுபோக மிச்சத்தை அந்தக் கடையே ஊர்க்காரர்களுக்கு விற்றது.

எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. நட்சத்திர விடுதியின் சமையலறைக்குத் தினமும் ஒரே அளவில், ஒரே தரத்தில், விடிவதற்குள் சரக்கு வந்தாக வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு நாள் கூடை நிறையக் காய்க்கும், மறுநாள் ஒன்றும் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் அழுகும். மொத்த வியாபாரிக்குப் பழகிய விடுதிக்குக் கிராமத்துப் பெண்களிடம் வாங்குவது ஆரம்பத்தில் தலைவலியாகத்தான் இருந்திருக்கும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதை விட்டிருந்தால் ஆறு மாதத்தில் நின்றுபோயிருக்கும். நாட்காட்டியும் விலைக் குழுவும் மிச்சத்தை வாங்கிக்கொள்ள ஒரு கடையும் இருந்ததால் நின்றது. சுற்றுலா மேம்பாடு என்றால் அலங்கார வளைவும் செல்ஃபி மேடையும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குமரகத்தில் முதலீடு நடந்தது கொள்முதல் முறையில்.

அடுத்த கட்டமாகக் கிராம வாழ்வைக் காட்டும் பயணங்கள் வந்தன. ஓலை பின்னுவது, கயிறு திரிப்பது, கள் இறக்குவது, வில்லும் அம்பும் கொண்டு மீன் பிடிப்பது என்று ஊரில் எப்போதும் நடக்கிற வேலைகளைப் பயணி வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். தானும் செய்து பார்ப்பார். கட்டணத்தின் பங்கு அந்தந்தக் குடும்பத்துக்குப் போகும். கோயில் திருவிழாக்களில் ஆண்களே வாசித்துவந்த சிங்காரி மேளத்தைப் பெண்கள் கற்றுக்கொண்டு குழுவாக மேடையேறினார்கள். 2013-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசீஸ் விருது கேரளத்துக்குக் கிடைத்தபோது அந்த முயற்சியின் முகமாக இருந்தது குமரகம்தான். 2017-இல் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் மாநிலம் முழுவதற்குமான தனி அமைப்பாக ஆனது. பக்கத்து ஊரான அய்மனம், அருந்ததி ராயின் நாவலால் உலகம் அறிந்த அதே அய்மனம், மாதிரிக் கிராமமாக வளர்ந்தது. 2022-இல் பார்க்க வேண்டிய முப்பது இடங்களின் பட்டியலில் காண்டே நாஸ்ட் டிராவலர் இதழ் அதையும் சேர்த்தது. கோடிக்கணக்கில் விளம்பரம் கொடுத்தாலும் வாங்க முடியாத கவனம் அது. போட்டித்திறன் என்று சொல்கிறோமே, அது வந்த வழியைப் பாருங்கள்: எல்லா ஊரிலும் கிடைக்கும் நீச்சல் குளத்தால் வரவில்லை, அந்த ஊரில் மட்டும் கிடைக்கும் வாழ்க்கையால் வந்தது.

குமரகத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேம்பநாடு 2002-லேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் ஆலப்புழையிலும் குமரகத்திலும் படகுவீடுகள் ஏரி தாங்கும் அளவைத் தாண்டிப் பெருகிவிட்டன. எண்ணெய்க் கசிவும் கழிவும் நீரில் கலக்கின்றன. விடுதிக்குக் கீரை விற்கும் பெண்ணுக்குச் சுற்றுலாவால் வருமானம். அதே ஏரியில் வலை போடும் அவள் வீட்டுக்காரருக்குச் சுற்றுலாவால் நட்டம் என்ற நிலை ஒரே வீட்டுக்குள் இருக்கலாம். வரவை ஊரோடு பகிர்ந்துவிட்டோம், இனி எத்தனை படகு விட்டாலும் சரி என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த ஏரியே சாட்சி.

இதே ஏரியில் இன்னொரு கதையும் நடந்தது. ஆலப்புழை மாவட்டத்தில் நெடியதுருத்து என்ற தீவில் ஒரு நிறுவனம் 54 வில்லாக்களோடு சொகுசு விடுதி கட்டியது. அங்கே ஊன்றுவலை கட்டிப் பிழைத்த மீனவர்கள், தங்கள் வலைகள் போயின என்று வழக்குப் போட்டார்கள். கடலோர ஒழுங்குமுறை விதி மீறப்பட்டது உறுதியானது. 2013-இல் இடிக்கச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. சூழல் விதிகள் முதலீட்டுக்குத் தடை என்று வாதாடுபவர்கள், விதியை மதிக்காத முதலீடு என்ன ஆனது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வலையை இழந்த சில குடும்பங்களை ஆரம்பத்திலேயே ஒருவர் கூப்பிட்டுப் பேசியிருந்தால் அத்தனை சிமென்டும் மிஞ்சியிருக்கும்.

குமரகத்திலிருந்து மலையேறினால் தேக்கடி. கம்பத்திலிருந்து போகிற தமிழர்களுக்கு அது பக்கத்து ஊர்தான். குமுளி மலைப்பாதையில் பேருந்து ஏறினால் எல்லை வந்துவிடும். அங்கே பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். முல்லைப் பெரியாறு அணைக்கு நீர் தருவது இந்தக் காடு; தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை வயலுக்கும் குடத்துக்கும் போகிற தண்ணீரின் தாய்வீடு. ஆகவே இங்கே சுற்றுலா எப்படி நடக்கிறது என்பது அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களுக்கும் சொந்த விவகாரம்.

தொண்ணூறுகளில் இந்தக் காட்டில் ‘வயணா’ என்று மலையாளத்தில் சொல்லப்படும் காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்தும் கும்பல்கள் இருந்தன. இரவோடு இரவாக உள்ளே போவார்கள், நாட்கணக்கில் காட்டில் தங்குவார்கள், மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். லாபம் வியாபாரிக்கு; வழக்கும் அடியும் சிறையும் இவர்களுக்கு. 1996-இல் உலக வங்கியின் உதவியோடு நாட்டின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியாறும் அதில் ஒன்று. குமுளிப் பக்கம் பட்டை உரித்துவந்தவர்களில் இருபதுக்கும் சற்றே கூடுதலானவர்களிடம் வனத்துறை பேசியது. திருந்தி வந்தால் வழக்கிலிருந்து விடுபட வழி செய்கிறோம், பிழைப்புக்கும் வழி காட்டுகிறோம் என்பதுதான் பேச்சு. 1998-இல் அவர்கள் ஒரு குழுவாக ஆனார்கள்.

காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? எந்த ஓடையில் எந்த மாதம் யானை இறங்கும், எந்தப் பாதையில் கள்ளத்தனமாக ஆள் நடமாடுவான், எங்கே நெருப்பு வைப்பான், எல்லாம் அத்துப்படி. அந்த அறிவுதான் இன்று விற்பனைக்கு வருகிறது, சட்டத்துக்கு உட்பட்டு. ‘புலித்தடம்’ என்ற நடைப்பயணத்தில் ஒரு தடவைக்கு ஐந்தாறு பயணிகளே போக முடியும். அவர்களோடு ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். இரவு காட்டுக்குள் கூடாரம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அனுபவத்தின் மதிப்பைக் கூட்டி, அதற்கேற்ற கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தைக் குழுவின் பொது நிதியில் சேர்த்து மாதச் சம்பளமாகப் பிரிக்கிறார்கள். பயணிகளோடு அவர்கள் நடக்கும் ஒவ்வொரு நாளும் காட்டுக்கு ஒரு ரோந்துதான். ஒரே செலவில் இரண்டு காரியம்.

மன்னான், பளியர் பழங்குடியினரும் இதுபோன்ற குழுக்களில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். காப்பகத்தைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உருவாயின. ‘வசந்தசேனை’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் முறை வைத்து, ஒரு பைசா கூலி வாங்காமல், காட்டோரம் ரோந்து போகிறார்கள். சமையலை முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, டிபன் டப்பாவோடு காட்டுக்குள் நடக்கும் பெண்களைச் சுற்றுலா விளம்பரங்கள் அவ்வளவாகக் காட்டுவதில்லை, காட்ட வேண்டும். உலக வங்கிப் பணம் தீர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2004-இல் விடை கிடைத்தது: பெரியாறு அறக்கட்டளை. காப்பகத்துக்கு வரும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணத்தோடு சிறு கூடுதல் தொகை வாங்கி இந்தப் பணிகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. இந்தியாவில் பல திட்டங்கள் நிதி நின்ற மறுநாளே படுத்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தேக்கடியைப் பற்றிப் பேசும்போது 2009 செப்டம்பர் 30-ஐ விட்டுவிட முடியாது. அன்று மாலை ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் மறுபடி ஒரு படகு. 22 உயிர்கள், அவர்களில் பலர் குழந்தைகள். காட்டை அழகாகக் காப்பாற்றிவிட்டு உயிர்காப்பு உடையில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். ஓர் இடம் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்பதைத் ‘தாங்குதிறன்’ என்பார்கள்; ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அதுதான்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முயற்சி இல்லையா என்றால், இருக்கிறது. கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாக மலைப்பாதையில் போனால் பில்லூர் அணையின் பின்புறம் பரளிக்காடு. அங்கே வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து வார இறுதிகளில் ஒரு பயணம் நடத்துகிறார்கள். முன்பதிவு இல்லாமல் போக முடியாது. காலையில் சுக்குக் காபி. அப்புறம் உயிர்காப்பு உடை மாட்டிக்கொண்டு பரிசல். துடுப்புப் போடுபவர் அந்தக் கரையில் பிறந்தவர். எதிர்க்கரையில் யானை தண்ணீர் குடிக்க வருமா என்பதைக் காற்றைப் பார்த்தே சொல்லக்கூடியவர். கரையேறினால் மர நிழலில் சாப்பாடு. கேசரி, சப்பாத்தி, களி உருண்டை, கீரைக் குழம்பு, தயிர்சாதம் என்று ஊர்ப் பெண்கள் சமைத்துப் பரிமாறுவார்கள். சாயங்காலம் அத்திக்கடவு பக்கம் பவானி ஆற்றில் ஒரு குளியல், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கொடுத்த கட்டணம் கிராமக் குழுவின் வழியாகப் பரிசல்காரருக்கும் சமைத்தவர்களுக்கும் போய்ச் சேருகிறது. கோவை நகரத்தின் குடிநீரில் ஒரு பகுதி வருவதும் இதே பில்லூரிலிருந்துதான். அந்தக் கரையில் பிளாஸ்டிக் விழாமல் பார்த்துக்கொள்ளும் மக்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது.

பரளிக்காடு சிறியது. தமிழ்நாட்டுச் சுற்றுலாவின் உண்மையான பரிமாணம் வேறு. 2023-இல் தமிழ்நாட்டில் உள்நாட்டுப் பயணிகளின் வருகை சுமார் 28.6 கோடி என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். பெருமைப்படலாம். ஆனால் அது வருகைகளின் எண்ணிக்கை. கோயிலுக்கு வந்து அன்றே திரும்பும் குடும்பமும் அதில் உண்டு. எத்தனை இரவு தங்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், அதில் ஊருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதை அந்த எண் சொல்லாது. உலகப் பொருளாதார மன்றம் 2024-இல் வெளியிட்ட சுற்றுலா மேம்பாட்டுக் குறியீட்டில் 119 நாடுகளில் இந்தியாவுக்கு 39-ஆவது இடம். அந்தக் குறியீடு தலையை மட்டும் எண்ணுவதில்லை. பாதுகாப்பு, சுகாதாரம், சுற்றுச்சூழல், உள்ளூர் மக்களுக்குக் கிடைத்த பலன், சீசன் நெரிசல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. போட்டியின் விதிகளே மாறிவிட்டன.

நெரிசல் என்றதும் ஊட்டி நினைவுக்கு வராத தமிழர் உண்டா? மே மாதம் போய்வந்தவர்கள் மலையைப் பற்றிப் பேசுவதைவிட “டிராஃபிக்லயே பாதி நாள் போச்சு” என்பதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதையடுத்து 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் வந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. இரண்டு மலைகளும் எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

2025 ஏப்ரலில் நீலகிரி வணிகர்கள் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. வர்க்கி விற்பவர், சாலையோரம் கேரட் கட்டு வைத்திருப்பவர், ஒற்றை அறையை வாடகைக்கு விடும் குடும்பம், இவர்களின் ஆண்டு வருமானம் இரண்டு மாத சீசனை நம்பி இருக்கிறது. கார்களைக் குறைக்கும்போது இவர்களின் வரவு குறையாமல் பார்க்க ஒரு திட்டம் கூடவே வந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அடிக்கடி பேருந்து விட்டால் கார் குறையும், ஆள் குறையமாட்டார். ஒரு நாள் வந்து போகிறவரை மூன்று நாள் தங்கவைத்தால் அறைக்காரருக்கும் வரவு, சாலைக்கும் ஓய்வு. கோத்தகிரிப் பக்கம், கூடலூர்ப் பக்கம் என்று கூட்டத்தைப் பிரித்துவிடலாம் என்பார்கள். அது சரிதான், ஆனால் தாங்குதிறன் பார்க்காமல் பிரித்தால் ஒரு ஊட்டிக்குப் பதில் நான்கு ஊட்டி உண்டாகும். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போனதை அடுத்த மாவட்டமான நீலகிரி மறக்கக் கூடாது.

நீலகிரி நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரு நல்ல பாடமும் உண்டு. வனவிலங்குகளின் காலைக் கிழித்த கண்ணாடி பாட்டில்களுக்கு நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் ஒரு வழி பிறந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்றதில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. குடித்தவர் போட்டுவிட்டுப் போனதைக்கூட யாராவது பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கினார்கள். அறிவிப்புப் பலகைகள் செய்யாத வேலையைப் பத்து ரூபாய் நாணயம் செய்தது. இந்தத் திட்டம் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டான் அப்படித்தான் செய்கிறது. 2022-இல் வெளிநாட்டவர் ஒரு இரவுக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்தது. பயணிகள் குறைந்ததால் 2023 செப்டம்பரில் அதை 100 டாலராகக் குறைத்தது. இந்தியருக்கு இரவுக்கு 1,200 ரூபாய். சிறிய மலைநாட்டுக்கு அது ஒத்துவரலாம். முருகனைப் பார்க்கக் கடன் வாங்கிக் கிளம்பும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் இருக்கும் மண்ணில் அது அநியாயம். ஊர்மக்களை உள்ளடக்குவது எவ்வளவு அவசியமோ, பணமில்லாத பயணியை வெளியே நிறுத்தாமலிருப்பதும் அவ்வளவு அவசியம்.

வெளியே நிறுத்தப்படுபவர்களில் வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏற வேண்டும். 2024-இல்தான் அங்கே ரோப்கார் வந்தது. பழனியில் அது 2004-லேயே வந்துவிட்டது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போவதற்கான மரப்பாதை திறக்கப்பட்டபோது, எத்தனையோ ஆண்டுகளாக இந்த நகரத்தில் வாழ்ந்தும் அலையைத் தொடாதவர்கள் முதன்முறையாக அதன் அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். ஆனால் மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பாதை ஒரு பக்கம் இருக்கட்டும், பெரும்பாலான சுற்றுலா இடங்களில் ஒரு பெண் நம்பி நுழையக்கூடிய கழிப்பறைகூட இல்லை. ஒரு தலத்தின் தரத்தைக் குடும்பங்கள் முடிவுசெய்வது பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு மாதம் தவறாமல் நியாயமான சம்பளம் கிடைக்கிறதா என்பதையும் சுற்றுலாத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

எல்லை மீறிய இடங்களுக்கு வேறு நாடுகள் கசப்பு மருந்தும் கொடுத்திருக்கின்றன. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் சாக்கடை நேராகக் கடலில் கலந்தது. 2018 ஏப்ரலில் அரசு தீவையே ஆறு மாதம் பூட்டியது. குழாய்களைச் சரிசெய்து, கரையை மீட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு கட்டியபிறகே திறந்தது. அந்த ஆறு மாதமும் படகோட்டிகளும் ஓட்டல் பணியாளர்களும் பட்ட பாட்டை நினைத்தால், பூட்டும் நிலை வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதன் அவசியம் விளங்கும்.

குமரகத்தில் நடந்ததை இங்கே செய்யத் தேவையான உறுப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் உண்டு. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை ஊட்டி வரை போயிருக்கிறது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி தரும் கொள்கையும் 2023-இல் வந்துவிட்டது. இல்லாதது, ஓட்டலின் கொள்முதல் மேலாளரும் சுய உதவிக் குழுத் தலைவியும் ஊராட்சித் தலைவரும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து விலை பேசும் மேசை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஓட்டல்கள் வாரத்துக்கு எத்தனை கிலோ கேரட்டும் பீன்ஸும் எத்தனை முட்டையும் வாங்குகின்றன, அதில் எவ்வளவு அந்த மாவட்டத்திலேயே வாங்கியது என்பதை மாவட்ட நிர்வாகம் கேட்டு எழுதினால், அடுத்த சீசனுக்கு முன் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆய்வு வாகனங்களை எண்ணட்டும். அதே படிவத்தில் இந்தக் கிலோக் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.